நாலடி உயரக் கூகை

என் நெட்டைக் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். என் முழங்கால் வலியும் அப்பாவின் குறட்டையும் கூடவும் இல்லை குறையவும் இல்லை, அதனால் எங்களைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் கிடையாது. அங்கே நீங்கள் இரண்டு பேரும் சுகமா? இரண்டு பேரும் என்றுதான் எழுதியிருக்கிறேன், பேனா தவறவில்லை, கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பப் படிக்க வேண்டாம், மேலே படி.

நீ என் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அப்பாவை மட்டும் கூப்பிடுகிறாய். அவரும் அடுப்படி வரைக்கும் கேட்கட்டும் என்று பஸ் ஓட்டின காலத்துக் குரலில் "அப்படியா கண்ணு, சாப்பிட்டியா கண்ணு" என்று கத்திப் பேசுகிறார். நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் நீ "சரிப்பா வெச்சுடறேன்" என்று வைத்துவிடுகிறாய். இப்படி ஒன்பது ஞாயிறு ஆகிவிட்டது, எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். தப்பு என்னுடையது. அதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நான் பாட்டுக்கு வேறு கதைக்குப் போய்விடுவேன், என்னைத்தான் உனக்குத் தெரியுமே. போன கடிதத்தில் உன் ஆளைப் பற்றி, கல்யாண போட்டோ எடுக்கும்போது மாப்பிள்ளைக்கு ஒரு முக்காலி வாங்கிப் போட்டுவிடலாம், இல்லாவிட்டால் உன் முழங்கைப் பக்கத்தில் கொஞ்சம் தலைமுடி மட்டும்தான் விழும் என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். நீயோ உறையைப் பிரிக்காமலேயே, எங்க அம்மா கடிதம்னா வயிறு குலுங்கச் சிரிக்கலாம், நீங்களே முதல்ல படிங்க என்று அவர் கையில் கொடுத்திருக்கிறாய். "அம்மா, அதை முதலில் படித்தது அவர்" என்று நீ ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினாயே, அதைப் படித்தபோது பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அம்மாவாகப்பட்டவள் தமாஷாக ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று வீம்பு பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். அப்பா ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் எதிர்வீட்டு டீச்சருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கிளம்பினார். டீச்சர் ஓட்ட ஓட்ட இவர் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து, இப்போது இவருக்கு வலது கால் சுளுக்கு. டீச்சர் நன்றாக ஓட்டுகிறார். அடுப்படிக் குழாய் ஒழுகியதைச் சரிபண்ண வந்தவர் குழாயைச் சரிபண்ணிவிட்டுச் சுவரை உடைத்துவிட்டுப் போனார். உன் அறை அப்படியேதான் இருக்கிறது, கட்டிலின்மேல் அப்பாவின் செய்தித்தாள் கட்டுகளைத் தவிர. நீ அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் நாள் முழுக்கக் குனிந்து அந்தப் பூதக்கண்ணாடி மெஷினைப் பார்க்கிறாயே, மணிக்கு ஒருதரம் எழுந்து கழுத்தைத் திருப்பு. மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குத் தின்காதே. குனிவதைப் பற்றி உன்னிடம் இன்னும் பேச வேண்டியது இருக்கிறது, அது பின்னால் வருகிறது.

இனி பெரிய செய்தி. எங்கள் யூனிபார்ம் தையல் கம்பெனியில், என் கட்டிங் அறைக்கு மேலே துணி மூட்டை போட்டு வைக்கிற அறை ஒன்று உண்டு, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே ஒளிந்துகொண்டு என்னைத் தவிக்கவிட்டாயே, அதே அறைதான். காலர் கேன்வாஸ் எடுக்கக் காலையில் ஏணி வைத்து ஏறினேன். மூலையில், கழித்துப் போட்ட துணிக் குவியல்மேல் இரண்டு வெள்ளை முகங்கள். ஆப்பிளைப் பாதியாக நறுக்கி வைத்த மாதிரி முகம், நடுவில் கறுப்புக் கறுப்பாகக் கண். என்னைப் பார்த்து இரண்டும் குக்கர் ஆவி விடுகிற மாதிரி 'உஸ்ஸ்' என்று சீறின. நான் ஏணியில் இறங்கினேனா விழுந்தேனா என்று எனக்கே தெரியாது. கூகை! ஆந்தையில் ஒரு ஜாதி. ஜன்னல் கண்ணாடி உடைந்த ஓட்டை வழியாக வந்து குடித்தனம் வைத்திருக்கின்றன. பயம் தெளிந்த பிறகு யோசித்தேன், மூன்று வாரமாக எலி ஒரு மூட்டையைக்கூடக் கடிக்கவில்லை, அதற்கு முன்னால் வாரத்துக்கு ஒரு சுருள் துணி பாழாகிக்கொண்டிருந்தது. ஆனால் காஜா போடுகிற பெண் அந்தச் சீறலைக் கேட்டு மெஷினைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். முதலாளியம்மா வந்து, சனிக்கிழமைக்குள் விரட்டிவிட்டு ஓட்டையை அடைத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். எனக்கு மனசு வரவில்லை. பெரியது அடியில் எதையோ வைத்து அடைகாக்கிற மாதிரி இருந்தது. யாரைக் கேட்பது? உலகத்தில் கூகையைப் பற்றித் தெரிந்த ஆள் எனக்கு ஒரே ஒருவர்தான். அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து நாடு நாடாக வந்த, பாடம் பண்ணின கூகைகளை அளக்கிற வேலை பார்க்கிறவர். நான் முக்காலி போட்ட ஆள்.

அப்பாவின் போனில் அவர் எண் 'ஆந்தைக்காரர்' என்று பதிந்திருந்தது. பதிந்தது உன் அப்பா, அந்தப் பெயரை வைத்த புண்ணியவதி நான். மூன்று தரம் எண்ணை அழுத்திவிட்டு மூன்று தரமும் வைத்துவிட்டேன். நாலாவது தரம் அவரே திரும்பக் கூப்பிட்டுவிட்டார். "அம்மா, நீங்க கூப்பிட்டீங்களா?" என்றார். நான் வணக்கம் கூடச் சொல்லவில்லை, கம்பெனியில கூகை வந்திருக்கு, சனிக்கிழமை அடைக்கச் சொல்றாங்க, என்ன பண்றது என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவர் முக்காலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனை இருக்கு, என்ன நிறம், எவ்வளவு நீளம் இருக்கும் என்றுதான் கேட்டார். நீளம் கேட்டால் எனக்குச் சொல்லவா வேண்டும், முப்பத்தொரு வருஷமாக ஆளைப் பார்த்தே அளவு சொல்கிறவள். முந்தின நாள் சாயங்காலமே மறுபடி ஏறி அலமாரிப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்து வைத்திருந்தேன். பெரியது பதினாலு, சின்னது பதிமூன்று என்றேன். பெரியது அம்மா, சின்னது அதன் பையன், பாவம் வளரவே இல்லை, சாயங்காலமானால் அதுதான் வெளியே போய் எலி கொண்டுவந்து அம்மாவுக்குக் கொடுக்கிறது, என்ன பாசம் பாருங்கள் என்றும் சொன்னேன். அப்புறம் மெதுவாக, "அம்மா, அது பையன் இல்ல. அது புருஷன். கூகையில பொண்ணுதான் பெரிசு" என்றார். இரண்டு பேரும் ஒரே முக்காலியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று சத்தியம் பண்ணுவேன். அவர்தான் பேச்சை எடுத்தார். "எங்க கட்சிம்மா அது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

அதற்கப்புறம் தினம் சாயங்காலம் கம்பெனி மூடுகிற நேரத்தில் அவரைக் கூப்பிட ஆரம்பித்தேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "நான் அவங்ககிட்ட பொய் சொல்லமாட்டேம்மா, ஆனா அவங்க கேட்கிற வரைக்கும் நானா சொல்லமாட்டேன்" என்றார். நீ கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை, அதற்காக அவர்மேல் பாயாதே. முட்டை பொரிய ஒரு மாசம், குஞ்சு பறக்க அதற்கப்புறம் இரண்டு மாசத்துக்குமேல், அதுவரை தொடாமல் குறுக்கே ஒரு திரை கட்டிவிட்டால் போதும் என்று சொல்லிக்கொடுத்தார். ஆனால் கம்பெனியில் பயத்தைப் போக்க வேண்டுமே. எனக்கு ஒரு யோசனை வந்தது. உலகத்தில் இருக்கிற கூகைகளையெல்லாம் பேட்டர்ன் பேப்பரில் அதே அளவுக்கு வெட்டிச் சுவரில் மாட்டி, நம்மது எவ்வளவு சின்னது பாருங்கள் என்று காட்டிவிட்டால் இவர்கள் வாயை மூடுவார்கள் அல்லவா? வெளிநாட்டுக் கூகைகளின் நீளத்தை அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். அமெரிக்கக் கூகை முப்பத்தெட்டு. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே தாஸ்மேனியா என்று ஒரு தீவாம், அங்கே முகமூடிக் கூகை என்று ஒன்று, அதில் ஆண் நாற்பது, பெண் ஐம்பது, கூகை இனத்திலேயே இன்றைக்கு அதுதான் பெரிய உருப்படி, பெண் ஒரு கிலோவைத் தாண்டும் என்று எழுதி, அடியில் செ.மீ. என்று போட்டிருந்தார். நான் அதைக் கையெழுத்து என்று நினைத்துவிட்டேன், ராசாத்தி! அப்பா பெயர் தாத்தா பெயரின் முதலெழுத்தாக இருக்கும், எவ்வளவு மரியாதையாகக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார் என்று மெச்சிக்கொண்டேன். எங்கள் தொழிலில் எண் என்றால் இஞ்ச், அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. முப்பத்தெட்டு என்றால் மார்பு, நாற்பது என்றால் அடுத்த சைஸ். ஐம்பது இஞ்ச் கூகையா என்று ஒரு நிமிஷம் கத்தரி நின்றதுதான். நீ இருக்கிற பக்கமெல்லாம் ரோடு பெரிசு, கடை பெரிசு, ரொட்டி பெரிசு என்று சொல்வாயே, கூகை மட்டும் சின்னதாகவா இருக்கும் என்று வெட்டிவிட்டேன். நாலடி இரண்டு அங்குலத்துக்கு ஒரு கிலோதானா, பாவம் சாப்பாடு போதவில்லை போலிருக்கிறது என்று அதற்காக வருத்தப்படவும் செய்தேன்.

மார்க்கிங் சாக்கால் கண், மூக்கு, இறக்கைப் புள்ளி எல்லாம் போட்டு வரிசையாக மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் முதலில் கதவைத் திறந்தவர் இஸ்திரிக்காரர். நல்ல மனுஷன், என்ன, கொஞ்சம் பயந்த சுபாவம். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் போய்ச் சேரும்போது கம்பெனி மொத்தமும் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. ஒரு ஓரத்தில் நம்மது பதினாலு, பக்கத்தில் முப்பத்தெட்டு, நாற்பது, அதற்குப் பக்கத்தில் காஜா போடுகிற பெண்ணின் கழுத்து உயரத்துக்கு ஐம்பது. இஸ்திரிக்காரர்தான் விரலை நீட்டி, "அப்ப மேல இருக்கிறது குஞ்சு. அம்மா இனிமேத்தான் வரப்போகுது" என்றார். அவ்வளவுதான்! இல்லை, அது முட்டையிட்ட கூகை, குஞ்சு இல்லை என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன், யார் கேட்கிறார்கள்? ஓவர்லாக் மெஷின்காரி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். முதலாளியம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சனிக்கிழமை வரைக்கும் வேண்டாம், மத்தியானத்துக்குள் அடையுங்கள் என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். ஆமாம், அப்படித்தான் சொல்லிவிட்டேன், "மாப்பிள்ளை, எல்லாம் கெட்டுப்போச்சு" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தேன். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அங்கே விடிந்தும் விடியாத நேரம், தூக்கக் கலக்கத்தில் அவருக்குக் கேட்டதோ என்னவோ. நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, "எவ்வளவு உயரம் வெட்டினீங்க?" என்றார். நாலடி ரெண்டு இஞ்ச் என்றேன். உடனே சிரித்தார் பார், தண்ணீர் குடிக்கப் போய்ப் புரையேறி, விக்கல் எடுத்து, அப்படியும் நிற்கவில்லை. கெக்கெக்கே என்று கோழி மாதிரி ஒரு சிரிப்பு. அந்த அவமானத்திலும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீ இந்தச் சிரிப்பில்தான் விழுந்திருக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். சிரித்து முடித்துவிட்டு அவர் சொன்னதைக் கேள். "அம்மா, முப்பத்தெட்டு தப்பில்ல. கரீபியன் பக்கத் தீவுகள்ல முன்னொரு காலத்துல ராட்சதக் கூகை இருந்துச்சு. இப்ப எலும்புதான் இருக்கு. மூணடி உயரம் வரைக்கும் இருந்திருக்கலாம்னு கணக்குப் போட்டவங்க இருக்காங்க. அதை அப்படியே வெச்சுக்குங்க. ஐம்பதை மட்டும் என்னால காப்பாத்த முடியாது" என்றார். என் தப்பை எனக்குச் சுட்டிக்காட்டாமல், அதற்குப் பொருத்தமாக ஒரு பறவையையே தேடிக் கொண்டுவந்து நிறுத்துகிற மனுஷரை நான் அதுவரை பார்த்ததில்லை. உன் அப்பா முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு தரம்கூடச் செய்ததில்லை.

உடனே உட்கார்ந்து எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் திரும்ப வெட்டினேன். அவர் போனை வைக்காமல் கூடவே இருந்து சொல்லிக்கொண்டே வந்தார். ஐரோப்பாவில் இருப்பது முந்நூறு முந்நூற்றைம்பது கிராம்தானாம், அமெரிக்காவில் இருப்பது அரைக்கிலோவை ஒட்டி, கலபகோஸ் என்ற தீவில் இருப்பதுதான் பொடிசு, கால் கிலோதான் தேறுமாம். கிடைக்கிற இரை, குளிர், தீவா பெருநிலமா, எல்லாவற்றையும் பொறுத்து உடம்பு கூடும் குறையும், முகம் மட்டும் எல்லாவற்றுக்கும் அதே நறுக்கின ஆப்பிள்தான் என்றார். ஒரே டிசைனில் குழந்தை சைஸிலிருந்து பெரியவர் சைஸ் வரைக்கும் தைக்கிற மாதிரி என்றேன், "அதேதாம்மா, என் ஆபீஸ்ல இதைச் சொல்லப்போறேன்" என்றார். அந்தத் தாஸ்மேனியாக்காரியின் புருஷன் எடையில் அவளுக்கு முக்கால் பங்குகூட வரமாட்டானாம். இதை அப்பாவிடம் சொன்னபோது, "நம்ம வீட்டு நிலவரம்தானே" என்று செய்தித்தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார். மத்தியானத்துக்குள் மாட்டிவிட்டேன். காலையில் நாலடிக் கூகையைப் பார்த்து நடுங்கினவர்களுக்கு இப்போது உலகத்திலேயே பெரிய கூகை ஒரு முழ நீளம்தான் என்றதும், "இவ்வளவுதானா?" என்று ஆகிவிட்டது. நம்மது அதிலும் சின்னது. இஸ்திரிக்காரரே முதலாளியம்மாவிடம் போய், பாவம்மா, இருந்துட்டுப் போகட்டும் என்று சிபாரிசு செய்தார். திரையைக் கட்டினோம். ராட்சதக் கூகையை மட்டும் என் மேஜைக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன், இப்போது தாமதமாக வருகிறவர்களை அதன் முன்னால்தான் நிற்கவைக்கிறேன்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கூகை சாக்கில் நாலு நாளாக ஏமாற்றிக்கொண்டிருந்தேன், இனிமேல் முடியாது என்று தோன்றியது. அந்த முக்காலிப் பேச்சுக்கு என்னை மன்னிச்சுடுங்க என்றேன். அவர், "முதல்ல வலிச்சுதும்மா, ரெண்டாம் தடவை படிச்சப்ப சிரிச்சுட்டேன். எனக்கு இந்தப் பேச்சு ஸ்கூல் நாள்லேர்ந்து பழக்கம். ஆனா அன்னைக்கு அவங்களோட வெளியில போனப்ப, அவங்க தோளைக் குறுக்கிக் குனிஞ்சு நடந்தாங்க. நான் அவங்களை அப்படிப் பார்த்ததே இல்ல. நிமிர்ந்து நடக்கிறதைப் பார்த்துதான் எனக்கு அவங்களைப் பிடிச்சுது. அதுதாம்மா தாங்கல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, கண்ணு. அவருக்குத் தெரியாது, அந்தக் குனிவு என்னுடையது. பள்ளிக்கூடத்தில் என்னைக் கொடிக்கம்பம் என்றார்கள். எங்கள் கல்யாண போட்டோவில் நான் நாற்காலியில் உட்கார்ந்து அப்பா நிற்கிறாரே, அதுதான் அந்தக் காலத்து ஸ்டைல் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஸ்டைலும் இல்லை ஒன்றும் இல்லை. நான் உன் அப்பாவைவிட ஒன்றரை அங்குலம் உயரம், போட்டோக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதிலிருந்து நான் நிமிரவில்லை. பன்னிரண்டு வயதில் நீ விறுவிறுவென்று வளர ஆரம்பித்தபோது, சந்தோஷப்படுவதற்குப் பதிலாக, "குனிஞ்சு நட, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தேன். நீ அத்தனை தூரம் போய்த்தான் நிமிர்ந்திருக்கிறாய். நான் ஒரே ஒரு கடிதம் போட்டுத் திரும்பக் குனியவைத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு. இதைத் தமாஷாகச் சொல்ல எனக்கு வரவில்லை, அப்படியே எடுத்துக்கொள்.

மனசு சமாதானமான பிறகு அவருக்கு ஒரு சட்டை தைக்கலாம் என்று நினைத்தேன். அளவு கேட்டேன், கழுத்து, தோள், மார்பு, கை எல்லாம் அனுப்பினார், அடியில் செ.மீ. இந்தத் தரம் ஏமாறுவேனா? டேப்பைத் திருப்பிப் பிடித்தேன். அளந்துகொண்டிருக்கும்போதே ஏழு என்ற எண்ணில் கண் நின்றது. ஏழு. நீ முதல் கடிதத்தில் எழுதினாயே, "உயரத்தில் எனக்கும் அவருக்கும் ஏழு வித்தியாசம், அவர்தான் குறைவு, இப்போதே சொல்லிவிடுகிறேன்" என்று. போட்டோவும் உட்கார்ந்த போட்டோவாக அனுப்பினாய். நாற்காலி போட்ட போட்டோவைப் பற்றி எனக்குத் தெரியாதா, அதனால் இன்னும் சந்தேகப்பட்டேன். ஏழு இஞ்ச், உன் தாடை உயரத்துக்கு ஒரு தலை என்று அன்றைக்கே மனசில் பேப்பர் வெட்டிவிட்டேன். இப்போது டேப்பின் இந்தப் பக்கத்தில் ஏழைப் பார்க்கிறேன், என் நடுவிரல் நீளம்கூட இல்லை! அவரைக் கூப்பிட்டு, நீங்க எத்தனை சென்டிமீட்டர் என்றேன், நூற்று அறுபத்தெட்டு என்றார். நீ நூற்று எழுபத்தைந்து. இரண்டே முக்கால் இஞ்ச். இந்த இரண்டே முக்காலுக்கா நான் ஒன்பது ஞாயிறு உன் குரலைக் கேட்காமல் இருந்தேன்? அப்பாவிடம் சொன்னேன், "அவ இஞ்சுன்னு எங்க எழுதினா? நீயா தெச்சுக்கிட்டே" என்றார். ஆனால் ஒன்று, கண்ணு. ஏழு சுருங்கிவிட்டதால் அம்மா சம்மதித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் மாப்பிள்ளை என்று கூப்பிட்டபோது அவர் என் கணக்கில் ஏழு இஞ்ச் குறைவுதான். அந்தக் கெக்கெக்கே சிரிப்பைக் கேட்டபோதும் ஏழு இஞ்ச் குறைவுதான். தேதியைக்கூடக் குறித்து வைத்திருக்கிறேன், வேண்டுமானால் அவரையே கேள்.

நேற்றுத் திரையை ஒதுக்கிப் பார்த்தேன். ஐந்து குஞ்சு பொரிந்திருக்கின்றன. இரண்டு நாள் மூன்று நாள் இடைவெளி விட்டுப் பொரியுமாம், அதனால் மாடிப்படி மாதிரி ஒன்றுக்கொன்று சின்னதாக உட்கார்ந்திருக்கின்றன. கடைசிக் குட்டி கைக்குட்டை மடித்து வைத்த அளவுதான் இருக்கிறது, சீறுவதில் மட்டும் எல்லோருக்கும் அக்கா. நல்லபடியாகப் பறந்துபோகும் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வருகிறது. அதில் நீல நிறச் சட்டை அவருக்கு, தோளில் கால் இஞ்ச் தாராளமாக விட்டிருக்கிறேன், இறுக்கமாக இருந்தால் சொல்லச் சொல். அடியில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும், அது உனக்கு. உன் முதல் சம்பளத்தில் குதிகால் உயர்ந்த சிவப்புச் செருப்பு வாங்கிக்கொண்டு வந்தாயே, இந்த உயரத்துக்கு இது ஒண்ணுதான் குறைச்சல் என்று பிடுங்கி, கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். கொடுக்கவில்லை. ஒன்பது வருஷமாக என் பீரோவுக்குமேல் பெட்டிக்குள் இருந்தது. தூசி தட்டித் துடைத்து, கழன்ற வாரைத் தைத்து அனுப்பியிருக்கிறேன். இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக, நிம்மதியாக, சிரித்துக்கொண்டே இருங்கள், என் ஆசீர்வாதம் முழுசாக உண்டு. கழுத்தைத் திருப்ப மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அப்பா போனை நான்தான் எடுப்பேன், வைத்துவிடாதே. லீவு கிடைத்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு வா, நாம் நாலு பேரும் ஒரு போட்டோ எடுக்க வேண்டும், எல்லோரும் நின்றுகொண்டுதான். வரும்போது அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் அம்மா
(நூற்று எழுபத்துமூன்று செ.மீ., குனியாமல் அளந்தது)